விடுதலை ஆன மறுநாள்

விமான நிலையத்தில் ஒருத்தி தனியாக உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருக்கிறாள். முகத்தில் பவுடர்கூட இல்லை. வெளுத்துப்போன தோல், களைத்த கண்கள், மேலே தொளதொளவென்று ஒரு கோட்டு. கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி அரக்கப்பரக்க ஓடிவருகிறாள். வந்தவள் தங்கை, காத்திருந்தவள் அக்கா. கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அக்காவின் உடம்பு மரக்கட்டைபோல் நிற்கிறது. தொடுதல் மறந்துபோன உடம்பு அது.

அக்காவின் பெயர் ஜூலியெட். பதினைந்து வருஷம் சிறையில் இருந்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருக்கிறாள். 2008-ல் வந்த ‘இல் யா லோந்தான் க ஜ தெம்’ என்ற பிரெஞ்சுப் படம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. தலைப்பு ஒரு பழைய பிரெஞ்சு நாட்டுப்பாடலின் வரி. ‘வெகுநாளாக உன்மேல் எனக்குப் பிரியம்’ என்று சொல்லலாம். எழுதி இயக்கியவர் ஃபிலிப் க்ளோதெல். அடிப்படையில் நாவலாசிரியர், இது அவருடைய முதல் படம். அக்காவாக கிறிஸ்டின் ஸ்காட் தாமஸ், தங்கை லேயாவாக எல்ஸா ஸில்பர்ஸ்டைன். சிறந்த முதல் படம், சிறந்த துணை நடிகை என்று பிரான்சின் செஸார் திரைப்பட விருதுகள் இரண்டு, பிரிட்டனின் பாஃப்டாவில் சிறந்த பிறமொழிப் படம் என்று கௌரவங்கள் உண்டு. அதற்காக நான் இதை எடுத்துக்கொள்ளவில்லை. சிறைக்குப் பிந்தைய வாழ்க்கையைப் பற்றிய இந்தப் படத்தில் சிறையே காட்டப்படுவதில்லை. கம்பி இல்லை, மதில் இல்லை, பழைய நினைவுக் காட்சியும் இல்லை. எல்லாமே வெளியில்தான். ‘மறுவாழ்வு’ என்று செய்தித்தாள்கள் ஒரே சொல்லில் முடித்துவிடுகிற சமாசாரம் உண்மையில் என்னவென்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியவில்லை.

(கதையின் முடிவையும் பேசப்போகிறேன். படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அப்புறம் வாசிக்கலாம்.)

முதலில் சொல்லைப் பார்ப்போம். நாம் மறுவாழ்வு என்று சொல்வதற்கு பிரெஞ்சுக்காரர்கள் ‘ரேஎன்செர்ஸியோன்’ என்கிறார்கள். நேர்ப்பொருள், திரும்பச் செருகுவது. அடுக்கிலிருந்து உருவிய புத்தகத்தை மறுபடி அதே இடத்தில் செருகுவதுபோல. நம் சொல்லில் வாழ்க்கை புதிதாகத் தொடங்குகிறது. அவர்கள் சொல்லில் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. சிக்கலும் அங்கேயேதான். புத்தகத்தை எடுத்துப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. பக்கத்துப் புத்தகங்கள் சரிந்து அந்த இடைவெளி எப்போதோ மூடிக்கொண்டது. ஜூலியெட் உள்ளே போனபோது பிரான்சில் கையில் புழங்கியது பிராங்க். வெளியே வரும்போது யூரோ. அவள் போனபோது கல்யாணம் ஆகாத சின்னப் பெண்ணாக இருந்த தங்கைக்கு இப்போது வீடு, கணவன் லுக், வியட்நாமிலிருந்து தத்தெடுத்த இரண்டு பெண் குழந்தைகள், பக்கவாதம் வந்து பேச்சுப் போய் நாள் முழுக்கப் புத்தகம் படிக்கிற மாமனார். அந்தக் குழந்தைகளுக்கு இவள் பெரியம்மா. ஆனால் அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்ற பேச்சே அந்த வீட்டில் இருந்ததில்லை.

வெளியே வந்தவரை என்ன செய்வது என்ற கேள்வி பிரான்சில் பழையது. விக்தர் யூகோவின் ‘லே மிஸேராப்ல’ நாவலில் பத்தொன்பது வருஷத் தண்டனை முடித்து வரும் ழான் வல்ழான் கையில் இருப்பது 109 பிராங்கும் 15 சூவும் (சூ என்பது சில்லறைக் காசு). கூடவே ஒரு மஞ்சள் பாஸ்போர்ட். போகிற ஊரிலெல்லாம் அதைக் காட்ட வேண்டும். காட்டியதும் சத்திரக் கதவு சாத்தப்படும். காசு இருந்தும் சோறு கிடைக்காது. நம்மில் பலருக்கு இந்தக் கதை ‘ஏழை படும் பாடு’ மூலமாகத் தெரியும். சுத்தானந்த பாரதியார் தமிழில் தந்த இதை 1950-ல் நாகையாவை வைத்துப் படமாக எடுத்தார்கள். விடாமல் துரத்தும் போலீஸ் அதிகாரியாக நடித்த சீதாராமன் கடைசிவரை ‘ஜாவர்’ சீதாராமனாகவே இருந்துவிட்டார்.

நாவலைவிட நிஜம் கொடூரம். 1854-ல் வந்த சட்டம் ஒன்று, தென்னமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவுக்குக் கப்பலேற்றப்பட்ட கைதிகளுக்கு ‘இரட்டிப்பு’ என்று ஒன்றை வைத்தது. எட்டு வருஷத்துக்குக் குறைவான தண்டனை என்றால், அது முடிந்தபின் அதே அளவு காலம் அங்கேயே வசிக்க வேண்டும். எட்டோ அதற்கு மேலோ என்றால் ஆயுளுக்கும் ஊர் திரும்ப முடியாது. கைதி இல்லை, சுதந்திர மனிதன்தான். ஆனால் கப்பல் ஏற முடியாது, வேலை கொடுக்க அங்கே ஆளும் இல்லை. விடுதலை என்ற சொல்லை இதற்கு மேல் கேலி செய்ய முடியுமா?

1885-ல் ஒரு விநோதம். அந்த வருஷம் மே மாதம், திரும்பத் திரும்பச் சில்லறைக் குற்றம் செய்கிறவர்களை ஆயுளுக்கும் நாடுகடத்த ஒரு சட்டம் வந்தது. மூன்றே மாதம் கழித்து, ஆகஸ்டில், ரெனே பெரான்ழே என்ற செனட்டரின் முயற்சியால் நேர் எதிர்த் திசையில் இன்னொன்று வந்தது: ஒழுங்காக இருக்கும் கைதியைத் தண்டனை முடியும் முன்பே நிபந்தனையோடு வெளியே விடலாம். ‘இவர்கள் திருந்த மாட்டார்கள்’, ‘திருந்த இடம் கொடுத்தால்தான் திருந்துவார்கள்’ என்ற இரண்டு நம்பிக்கைகளையும் ஒரே நாடாளுமன்றம் ஒரே கோடையில் சட்டமாக்கியது. பிரெஞ்சு சிறைத்துறை இன்றைக்கும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஊசலாடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஆகஸ்ட் சட்டத்தின் வாரிசுதான் இன்றைய நிபந்தனை விடுதலை. இதை ‘பரோல்’ என்று சொன்னால் நம் ஊரில் குழப்பம் வரும். நமக்கு பரோல் என்றால் கல்யாணத்துக்கோ சாவுக்கோ சில நாள் லீவில் வந்துவிட்டு, திரும்ப உள்ளே போவது. அங்கே அந்த லீவுக்குத் தனிப் பெயர் உண்டு. நிபந்தனை விடுதலை என்பது திரும்பிப் போகாத வெளியேற்றம். மிச்சத் தண்டனையை வெளியில் கழிக்க வேண்டும், நிபந்தனையை மீறினால் மறுபடி உள்ளே. பொதுவாகப் பாதித் தண்டனை கழிந்தபின் கேட்கலாம். முடிவெடுப்பது சிறை அதிகாரி அல்ல. தண்டனை அமலாக்க நீதிபதி என்றே அங்கே ஒரு பதவி இருக்கிறது. தீர்ப்புச் சொன்னதோடு நீதிமன்றத்தின் வேலை முடியவில்லை, அது எப்படிக் கழிகிறது என்று பார்க்கவும் ஒரு நீதிபதி வேண்டும் என்று 1958-ல் உருவாக்கியது. நீண்ட தண்டனை என்றால் ஒருவர் போதாது, அமர்வாக உட்கார்ந்து முடிவு செய்வார்கள்.

அந்த நீதிபதி முதலில் கேட்பது வருத்தப்படுகிறாயா என்பதைவிட, வெளியே போய் என்ன செய்யப் போகிறாய் என்பதைத்தான். ‘வெளியேறும் திட்டம்’ என்று அதற்குப் பெயர். எங்கே தங்குவாய், யார் வீட்டில், அவர் எழுதிக் கொடுத்த கடிதம் எங்கே? வேலை தருவதாகச் சொன்ன முதலாளியின் கடிதம் எங்கே? பாதிக்கப்பட்டவருக்குக் கட்ட வேண்டிய இழப்பீட்டில் எவ்வளவு கட்டியிருக்கிறாய்? இதையெல்லாம் உள்ளேயிருந்தபடியே திரட்ட வேண்டும். சிறையில் உழைத்து வரும் பணமும் முழுதாகக் கைக்கு வராது. செலவுக்கு ஒரு பங்கு, இழப்பீட்டுக்கு ஒரு பங்கு, விடுதலை அன்று கையில் தருவதற்கென்று பிடித்துவைக்கும் பங்கு ஒன்று. ஜூலியெட்டுக்குத் தங்கை வீட்டில் ஓர் அறை இருக்கிறதே, படம் பார்க்கும்போது அதைப் பாசமாக மட்டும் எடுத்துக்கொள்கிறோம். நிர்வாகத்தின் கண்ணில் அது ஒரு முகவரி. முகவரி இல்லாவிட்டால் அடையாள அட்டை புதுப்பிக்க முடியாது. அட்டை இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு இல்லை. கணக்கு இல்லாவிட்டால் சம்பளம் வந்து சேர இடமில்லை. வீடில்லாதவர்களுக்கு நகராட்சியின் சமூகநல அலுவலகம் தபால் முகவரி ஒன்று ஏற்படுத்தித் தரும். அதற்கும் போய் நிற்க வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும்.

இந்தத் திட்டம் தயாராகத் துணையாக இருக்க வேண்டியவர்கள் ‘ஸ்பிப்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் சிறை மறுவாழ்வுத் துறையின் ஆலோசகர்கள். சிறைக்குள்ளும் வெளியிலும் ஒரே துறை பின்தொடர வேண்டும் என்பதற்காக 1999-ல் தொடங்கினார்கள். நல்ல யோசனை. ஆனால் 2024 கடைசியில் பிரெஞ்சுச் சிறைகளில் இருந்தவர்கள் எண்பதாயிரத்துக்கும் மேல், இடமோ சுமார் 62,000 பேருக்குத்தான். பாயைத் தரையில் போட்டுப் படுக்கிற இடத்தில் ஆலோசகர் ஒருவரிடம் எத்தனை கோப்பு குவிந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். விளைவு, பலர் எந்தத் திட்டமும் இல்லாமல் தண்டனையைக் கடைசி நாள்வரை கழித்துவிட்டு, கையில் பையோடு வாசலில் வந்து நிற்கிறார்கள். இதற்கு அங்கே ‘உலர்ந்த வெளியேற்றம்’ என்று பெயர். எத்தனையோ அலுவலகச் சொற்களுக்கு நடுவில் இது ஒன்றுதான் கண்ணால் பார்த்துச் சொன்ன சொல்லாகத் தெரிகிறது.

சரி, படத்துக்கு வருவோம்.

ஜூலியெட் குறிப்பிட்ட நாள்களில் காவல் நிலையம் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். நம் ஊர் ‘கண்டிஷன் கையெழுத்து’ போலத்தான். அங்கே உட்கார்ந்திருக்கும் கேப்டன் ஃபோரே கத்துவார், மிரட்டுவார் என்று எதிர்பார்க்கிறோம். ஜாவர் சீதாராமன் நம் மனசில் உட்கார்ந்திருக்கிறார் அல்லவா? இவரோ ஒரினோகோ ஆற்றைப் பற்றிப் பேசுகிறார். தென்னமெரிக்காவில் ஓடும் அந்த ஆற்றைப் பார்க்கப் போக வேண்டும் என்பது அவர் கனவு. மனைவி பிரிந்துபோன தனியாள். பேச ஆளில்லை, கையெழுத்துப் போட வருகிறவளிடம் பேசுகிறார். ஒருநாள் ஜூலியெட் போகும்போது அந்த நாற்காலியில் வேறு அதிகாரி. ஃபோரே ஆற்றைப் பார்க்கப் போய்விட்டார் என்றுதான் அவள் நினைக்கிறாள். அவர் தன்னையே சுட்டுக்கொண்டு செத்துப்போனார் என்று பதில் வருகிறது. கண்காணித்தவர் போய்விட்டார், கண்காணிக்கப்பட்டவள் நிற்கிறாள். யூகோவின் நாவலிலும் துரத்திய அதிகாரி தற்கொலைதான் செய்துகொள்கிறார். அந்தப் பாதையிலேயே க்ளோதெலும் இந்த இடத்தில் போகிறார். (நடைமுறையில் இந்தப் பின்தொடரலின் பெரும்பகுதி நான் சொன்ன ஸ்பிப் ஆலோசகர்களின் வேலை. கதைக்குப் போலீஸ் தேவைப்பட்டிருக்கிறது.)

அடுத்து வேலை. சமூகசேவகி ஏற்பாடு செய்த நேர்காணலுக்கு ஒரு தொழிற்சாலைக்குப் போகிறாள். முதலாளி முதலில் தாராளமாகத்தான் பேசுகிறார். யாரைக் கொன்றீர்கள் என்று கேட்கிறார். என் ஆறு வயது மகனை, என்கிறாள். அவ்வளவுதான், வெளியே போ என்று கத்துகிறார். நமக்கும் இந்த இடத்தில்தான் குற்றம் என்னவென்று முழுசாகத் தெரியவருகிறது. அந்த முதலாளியைக் கெட்டவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுவரை அவள் பக்கம் சாய்ந்திருந்த நாமும் ஒரு நொடி பின்வாங்குகிறோமே.

பிரான்சில் எல்லோருடைய குற்றப் பதிவேடும் நாந்த் நகரத்தில் ஓரிடத்தில் இருக்கிறது. அதிலிருந்து மூன்று விதமான நகல் எடுக்கலாம். முதலாவதில் எல்லாம் இருக்கும், நீதித்துறை மட்டுமே பார்க்கலாம். இரண்டாவது, சில விஷயங்கள் நீக்கப்பட்டது, அரசு அலுவலகங்களுக்கும் குழந்தைகளோடு வேலை செய்கிற இடங்கள் போன்ற சிலவற்றுக்கும். மூன்றாவதைச் சம்பந்தப்பட்டவர் மட்டுமே கேட்டு வாங்க முடியும், அதில் பெரிய தண்டனைகள்தான் இருக்கும். தனியார் முதலாளி கேட்கக்கூடியது இந்த மூன்றாவதைத்தான், அதையும் ஆளிடமே. மஞ்சள் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டால் நாகரிகமான ஏற்பாடு. எல்லாருக்கும் எல்லாம் தெரிய வேண்டியதில்லை என்று சட்டம் ஒத்துக்கொள்கிறது. ஆனால் கொலைக்குப் பதினைந்து வருஷம் என்பது மூன்றாவதிலும் நிற்கிற சங்கதி. காலம் கடந்தோ நீதிமன்றம் சொல்லியோதான் மறையும்.

கடைசியில் அவளுக்கு மருத்துவமனையில் செயலர் வேலை கிடைக்கிறது. ஒரு காலத்தில் அவள் டாக்டர். இப்போது டாக்டர்கள் சொல்வதைத் தட்டச்சு செய்கிறாள். நோயின் பெயர்களை யாரும் அவளுக்கு எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை! இதை யாரும் வசனமாகச் சொல்வதில்லை, நாமே கவனித்துக்கொள்ள வேண்டியதுதான். வேலையில் குறை இல்லை, ஆனால் சக ஊழியர்களோடு ஒட்ட மாட்டேன் என்கிறீர்களாமே என்று மேலே இருப்பவர் கூப்பிட்டுச் சொல்கிறார். சிறையில் ஒட்டாமல் இருந்ததுதான் பிழைப்பு. வெளியில் அதுவே குறை. பழைய இடத்தில் திரும்பச் செருகுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இந்தச் சின்ன உரையாடலைவிட நல்ல உதாரணம் படத்தில் இல்லை.

பலரும் நினைவில் வைத்திருப்பது விருந்துக் காட்சியை. நண்பர்கள் பெரிய மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். மது, சிரிப்பு. போதை ஏறிய ஒருவன், லேயாவுக்கு இப்படி ஓர் அக்கா எங்கேயிருந்து திடீரென்று முளைத்தாள், இத்தனை வருஷம் எங்கே இருந்தாள் என்று விடாமல் நச்சரிக்கிறான். ஜூலியெட் நிதானமாகச் சொல்கிறாள்: கொலைக்காகப் பதினைந்து வருஷம் சிறையில் இருந்தேன். மேஜையே விழுந்து விழுந்து சிரிக்கிறது. எவ்வளவு அழகாக வாயை அடைத்துவிட்டாள் என்று பாராட்டுகிறார்கள். உண்மையை மறைக்க அதைச் சொல்லிவிடுவதே வழியாகிவிட்டது. சிரிக்காதவர் ஒருவர், மிஷேல். லேயாவோடு வேலை பார்க்கும் பேராசிரியர். அவர் பல வருஷம் சிறையில் பாடம் நடத்தியவர், அதனால் அந்தக் குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது.

மிஷேல் வேறு யாருமில்லை, பாதி க்ளோதெல்தான். அவர் நான்சி நகரச் சிறையில் பத்து வருஷத்துக்கும் மேல் ஆசிரியராக இருந்தவர். அந்த அனுபவத்தை 2002-ல் ஒரு சின்னப் புத்தகமாக எழுதியிருக்கிறார். தலைப்பு ‘சாவிக்கொத்துகளின் சத்தம்’. படமும் அதே நான்சியில்தான் நடக்கிறது. சிறையைக் காட்டாமல் விட்டது தெரியாததால் அல்ல, நன்றாகத் தெரிந்ததால்.

வீட்டுக்குள் நடப்பதுதான் எல்லாவற்றையும்விட மெதுவாக நகர்கிறது. தங்கை கணவர் லுக் மோசமான மனிதர் இல்லை. ஆனால் குழந்தைகளை அவளோடு தனியே விட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை. சட்டம், நீதிபதி, பதிவேடு எல்லாம் இந்த வாசலுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறீர்களா என்று அந்த மனிதர் தானாகக் கேட்கிற நாள் வருகிறது, அதற்கு எந்தப் படிவமும் கிடையாது. இன்னொரு இடம்: மறதி நோயோடு முதியோர் இல்லத்தில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போகிறார்கள். ஜூலியெட் என்று ஒரு மகளே இல்லை என்று சொல்லி லேயாவை வளர்த்த அம்மா. அவர் இங்கிலாந்துக்காரர். சட்டென்று ஒரு கணம் மூத்தவளை அடையாளம் கண்டு, சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோல் ஆங்கிலத்தில் கொஞ்சுகிறார். மறந்துபோனது அந்தக் குற்றம் மட்டுமே என்று ஆகிவிட்டது. அடுத்த கணம் அந்த அடையாளமும் போய்விடுகிறது.

தங்கை வீடு இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? இதற்கு பிரான்சில் பழைய பதில் ஒன்று உண்டு. 1949-ல் ழார்ழ் என்ற முன்னாள் கைதி, கயானாவிலிருந்து திரும்பி, போக்கிடம் இல்லாமல் தற்கொலைக்கு முயன்றார். அவரைப் பார்க்கப் போன பாதிரியார் அபே பியேர், உனக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை, சாவதற்கு முன் எனக்கு ஒரு கை கொடு, வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன் என்ற பொருளில் சொன்னாராம். எம்மாவுஸ் இயக்கம் அங்கேதான் பிறந்தது. (அந்தப் பாதிரியார்மீது 2024-ல் பல பெண்கள் சொன்ன பாலியல் அத்துமீறல் புகார்களை இயக்கமே வெளியிட்டது. அதையும் சேர்த்துச் சொல்லாமல் இந்தக் கதையை இப்போது சொல்ல முடியாது.) வட பிரான்சில் ‘ஏன்’ என்ற பெயருள்ள பகுதியில் மொயாம்ப்ரி என்ற பண்ணை இன்றைக்கு அந்த இயக்கத்தோடு சேர்ந்தது. தண்டனையின் கடைசி மாதங்களைக் கைதிகள் அங்கே கழிக்கலாம். சட்டப்படி இன்னும் கைதிதான், ஆனால் மதில் இல்லை. காய்கறி பயிரிடுகிறார்கள், ஆடு வளர்த்துப் பாலாடைக்கட்டி செய்கிறார்கள், சம்பளம் வாங்குகிறார்கள், அடுத்து எங்கே தங்குவது என்று தேடுகிறார்கள். ஒரு நேரத்தில் இருபது பேர் அளவுக்குத்தான் இடம். எண்பதாயிரத்துக்கு எதிரே இருபது என்பதைக் கணக்காகப் பார்த்தால் சிரிப்பு வரும்.

இனி முடிவு. கடைசிப் பகுதியில் லேயா கையில் ஒரு பழைய காகிதம் கிடைக்கிறது. டாக்டர் நண்பரிடம் காட்டுகிறாள். குழந்தைக்குத் தீராத நோய், வலியில் துடித்துச் சாகப்போகிற நோய் என்று தெரியவருகிறது. மகன் படப்போகும் வலியைப் பார்க்க முடியாமல் தாயே, டாக்டராக இருந்த தாயே, ஊசி போட்டு முடித்திருக்கிறாள். நீதிமன்றத்தில் இதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

படத்தில் எனக்கு ஒத்துவராத இடம் இது. ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக, காரணம் தெரியாமலே அவளோடு சாப்பிடவும் உட்காரவும் நம்மைப் பழக்கிவிட்டு, கடைசியில் படம் ஒரு காரணத்தைக் கையில் கொடுத்துவிடுகிறது. அப்பாடா, அவள் நல்லவள்தான் என்று நாம் மூச்சு விடுகிறோம். காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வரிசையில் நிற்கிற மற்றவர்களிடம் அப்படி ஒரு காகிதம் இருக்காது. அவர்கள் செய்ததைத்தான் செய்தார்கள். மறுவாழ்வு என்ற ஏற்பாடு முழுவதும் அவர்களுக்காகத்தான் இருக்கிறது, நிரபராதிக்கு அது தேவையே இல்லை. லுக் அந்தக் காகிதத்தைப் பார்ப்பதற்கு முன்பே குழந்தைகளை அவளிடம் விட்டுவிட்டார் என்பதை க்ளோதெல் மறந்துவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். இல்லை, சரியாகப் பார், அந்தத் தாய் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, பிள்ளை போன துக்கத்திலிருந்து விடுதலை கிடையாது என்றுதான் சொல்கிறாள் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது.

உண்மையைக் கேட்டு அக்காவும் தங்கையும் அழுது முடித்தபின் கீழே கதவு திறக்கிறது. மிஷேல் வந்திருக்கிறார். யாராவது இருக்கிறீர்களா என்று கீழேயிருந்து குரல் கொடுக்கிறார். மாடியிலிருந்து ஜூலியெட் பதில் சொல்கிறாள்: “ஜ ஸுயி லா.” பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சுதான், ‘நான் இருக்கிறேன்’ என்று பெயர்த்துவிடலாம். பெயர் கூப்பிடும்போது கைதியும் இப்படித்தான் குரல் கொடுத்திருப்பாள். தமிழில் நான் இதை ‘இங்கதான் இருக்கேன்’ என்று போடுவேன்.